செஞ்சோறு யார் போட்டது?

பட்டிமன்றங்களில் கும்பகர்ணன் பெயரைச் சொன்னாலே கைத்தட்டல் விழும். வீடணனுக்கு விழுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த நாளிலிருந்து நான் பார்த்து வருவது இதுதான். அண்ணன் நன்றியுள்ளவன், தம்பி காட்டிக்கொடுத்தவன். அவ்வளவுதான் தீர்ப்பு!

கம்பரின் யுத்த காண்டத்தைப் பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகே பொறுமையாகப் படித்தேன். சீதையை விட்டுவிடும்படி இராவணனிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறான் கும்பகர்ணன். தவறு எதுவென்று அவனுக்கும் தெரியும். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைக்கும்போது மறுக்கிறான். வளர்த்தவனுக்காகச் சாவதே தனக்குரியது என்கிறான். ஆனால், தம்பியைத் துரோகி என்று ஏசவில்லை. இராமனிடமே திரும்பிப் போ, எல்லாரும் மாண்டபின் எள்ளும் நீரும் இறைக்க நீயாவது இருக்க வேண்டும் என்கிறான். கை தட்டுபவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் என் பெரிய தாத்தா பால்மரம் சீவினார்; பிறகு செம்பனை. "சோறு போட்ட தோட்டம்" என்று சொல்லிக்கொண்டே அங்கேயே இருந்துவிட்டார். அவர் தம்பியான என் தாத்தா 1970களில் பத்து பெரெண்டாம் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். உறவினர்கள் அவரைத்தான் ஏசினார்கள். பஸ் காசு கொடுத்து அனுப்பியதே பெரிய தாத்தாதான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கும்பகர்ணன் உண்டது அண்ணன் போட்ட சோறு. பெரிய தாத்தா உண்டது விடியற்காலையில் சீவிய பாலுக்கான கூலி. இதில் கடன் எங்கே வந்தது? ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் வந்து சேர்ந்தது தம்பி வீட்டுக்குத்தான்.