மலையில் மின்னாத ஃப்ளாஷ்: எந்த டிரிக்கர் வாங்கலாம்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்களுக்கு அடிவாரம் தெரியாமல் இருக்காது. 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்னால் வரும் ஊர். கல்யாண ஜோடியை அழைத்துக்கொண்டு 'அவுட்டோர்' எடுக்கப் போகும் போட்டோகிராஃபர்களும் இந்த வழியாகத்தான் ஏறுகிறார்கள். கீழே கண் கூசும் வெயில். மேலே பகோடா பாயிண்டிலும் ஏரிக்கரையிலும் பல நாட்கள் மூடுபனி. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் வெளிச்சம் மொத்தமாக மாறிவிடுகிறது.

இந்தப் பனியில் கேமரா தலையில் மாட்டிய ஃப்ளாஷ் உதவாது. பனி பெய்யும் ராத்திரியில் பைக்கில் ஹை பீம் போட்டால் என்ன ஆகும்? எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஃப்ளாஷிலும் அதே கதை. அதைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி, ஜோடிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ வைத்தால், அதே பனி ஒளிர்ந்து படத்துக்கு அழகு சேர்க்கிறது. சரி, தள்ளி இருக்கும் ஃப்ளாஷை மின்ன வைப்பது எப்படி? கேள்வியே அதுதான்.

வழிகள் மூன்று. முதலாவது வயர். விலை குறைவு, நம்பகமானது. ஆனால் சரிவில் யாராவது கால் தடுக்கினால் ஸ்டாண்டோடு ஃப்ளாஷும் கீழே. இரண்டாவது, இன்னொரு ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து மின்னும் 'ஸ்லேவ்'. மண்டபத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் இருப்பதால் இது வேலை செய்யும். மலைமேல் சுவர் ஏது? வெயிலில் சென்சார் திணறும். மண்டபத்திலும் ஒரு தொல்லை உண்டு: முகூர்த்த நேரத்தில் பக்கத்து போட்டோகிராஃபர் அடிக்கும் ஃப்ளாஷுக்கெல்லாம் நம் ஃப்ளாஷும் மின்னித் தீர்க்கும். தாலி கட்டும் நொடியில் அது சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் யாரைக் குறை சொல்வது? மூன்றாவது ரேடியோ. வெளியில் படம் எடுப்பவர்களுக்கு இதுவே சரி.

ரேடியோவிலும் எல்லாம் ஒன்றல்ல. அமெரிக்காவில் விற்கப்பட்ட பாக்கெட் விசார்ட் டிரிக்கர்கள் 340 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இயங்குபவை. ஐரோப்பாவுக்கானவை 433 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005 ஜனவரியில் விதி வந்தது. 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸுக்கு 2012இல் வந்தது. அமெரிக்க மாடலின் அலைவரிசை இந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டு உறவினர் பழசு ஒன்றைக் கொண்டுவந்து தருகிறார் என்றால் முதலில் இதைக் கேட்க வேண்டும். இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ்தான். அதையே வாங்குவது நல்லது.

அதற்கும் பலவீனம் உண்டு. தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். மூடுபனி ஒன்றும் செய்யாது. ஆனால் ஈர இலைகள் அடர்ந்த காப்பிச் செடிகளும், குறுக்கே நிற்கும் மனித உடம்பும் தடுக்கும். ஃப்ளாஷைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் உயர்த்தி, டிரிக்கருக்கு நேராகத் தெரியும்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பெட்டியில் '100 மீட்டர்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தடையில்லாத வெட்டவெளிக் கணக்கு. ஜோடிப் படத்துக்கு ஃப்ளாஷ் நிற்பது பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான். பார்க்க வேண்டியவை வேறு.

ஒன்று, நம்பகம். வாங்கிய அன்றே 100 முறை அடித்துப் பார்த்து எத்தனை முறை மின்னவில்லை என்று எண்ண வேண்டும்.

இரண்டு, ஃப்ளாஷின் சக்தியைக் கேமராவிலிருந்தே கூட்டிக் குறைக்கும் வசதி. யோங்நுவோ ஆர்.எஃப்-603 மலிவானது, ஒரே கருவி அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஆனால் சக்தியை மாற்ற ஒவ்வொரு முறையும் சரிவில் இறங்கி ஃப்ளாஷ் வரை போக வேண்டும். கோடாக்ஸ் எக்ஸ் வரிசையில் டிரிக்கரிலேயே மாற்றலாம். டி.டி.600 போன்ற ஃப்ளாஷ்களுக்குள் ரிசீவர் ஏற்கெனவே இருக்கிறது.

மூன்று, குடும்பம். ஒரு கம்பெனி டிரிக்கர் பொதுவாக இன்னொரு கம்பெனி ரிசீவரோடு பேசாது. ஆகவே ஃப்ளாஷை வாங்கிவிட்டு டிரிக்கர் தேடுவதைவிட, எந்தக் குடும்பம் என்று முடிவு செய்துவிட்டு ஃப்ளாஷ் வாங்குவதே புத்திசாலித்தனம். கேனான், நிக்கான், சோனி மூன்றுக்கும் தனித்தனி டிரிக்கர் என்பதும் நினைவிருக்கட்டும்.

நான்கு, பேட்டரி. பென்சில் செல் போடும் டிரிக்கர் என்றால் பெட்டிக்கடையில்கூட மாற்று கிடைக்கும்.

டி.டி.எல். வேண்டுமா? ஜோடி ஒரே இடத்தில் நிற்கும்போது ஃப்ளாஷின் தூரம் மாறுவதில்லை. ஒருமுறை கையால் சரிசெய்தால் போதும். வெள்ளைப் பனியில் டி.டி.எல். ஏமாறவும் கூடும். மாப்பிள்ளை ஊர்வலம் போல ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும் வேலைக்கு அது பயன்படும். மாணவர்களுக்கு முதல் செலவு அதுவாக இருக்கத் தேவையில்லை.

ஹெச்.எஸ்.எஸ். விஷயம் வேறு. பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷோடு போகக்கூடிய வேகம் 1/200 அல்லது 1/250 நொடி. அடிவாரத்து உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 2.8 என்று வைத்தால் 1/3200 நொடி வேண்டியிருக்கும். ஹெச்.எஸ்.எஸ். அதற்கு வழி செய்யும். ஆனால் ஃப்ளாஷின் பலத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். நான்கு ஸ்டாப் என்.டி. ஃபில்டர் போட்டால் அதே படம் 1/200இல் வரும்.

"கேமரா கம்பெனியின் சொந்த ரேடியோ ஃப்ளாஷே மேல்" என்பவர்கள் உண்டு. கேனான் 600இஎக்ஸ்-ஆர்டி 2012இலும் நிக்கான் எஸ்பி-5000 2016இலும் வந்தன. தரத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடன் வாங்கி ஸ்டூடியோ தொடங்கும் ஒருவருக்கு அந்தப் பணத்தில் இரண்டு மலிவான ஃப்ளாஷ், இரண்டு டிரிக்கர், ஸ்டாண்ட், குடை எல்லாம் வந்துவிடும். அந்த இரண்டாவது டிரிக்கர்தான் முக்கியம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் ஒருநாள் நின்றுபோகும். கல்யாண ஜோடி மறுபடி மலை ஏறி வரப்போவதில்லை. கொடுத்த முன்பணத்தைத்தான் திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே, முதலில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு குடும்பம், அதிலேயே இரண்டு டிரிக்கர், பையில் மாற்று செல்கள், கூடவே ஒரு வயர். டி.டி.எல்.லும் மற்ற ஆசைகளும் அந்த ஃப்ளாஷ் சம்பாதித்துக் கொடுத்த பிறகு வரட்டும்.