சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும்



மட்டாஞ்சேரி பஜார் சாலையில் அரிசி மூட்டையும் மசாலா மூட்டையும் ஏற்றிப் பிழைக்கிறவர்களும், ஃபோர்ட் கொச்சி தோபிகானாவிலிருந்து விடுதிகளுக்குச் சலவைத் துணி கொண்டுசெல்கிறவர்களும் நம்மவரில் உண்டு. அவர்களில் அநேகர் வைத்திருப்பது பல வருடம் ஓடிய பழைய டீசல் சரக்கு ஆட்டோ. மழைக்காலம் வந்துவிட்டால், அதிகாலையில் சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. “பேட்டரி போய்விட்டது” என்கிறார்கள். பல நாள் வருமானம் புதுப் பேட்டரிக்குப் போகிறது. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே ‘டக்’. இப்பொழுது ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றச் சொல்லுகிறார்கள்.

எந்தப் பொருளையும் மாற்றுவதற்கு முன்னே மின்சாரம் போய்வருகிற வழியைப் பாருங்கள். முதலாவது, வண்டியைத் தள்ளிக் கிளப்பிப் பாருங்கள். பழைய டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பெரும்பாலும் கிளப்புவதற்கும் விளக்குக்கும் ஹாரனுக்குமே மின்சாரம் தேவை. தள்ளினால் கிளம்புகிறது என்றால் எஞ்சினில் குறையில்லை.

தேனியிலும் சங்கரன்கோவிலிலும் ஓடுகிற வண்டிக்கு இல்லாத ஒரு சத்துரு இங்கே உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், காற்றிலேயே உப்பு. ஓதம் ஏறுகிற நாட்களில் தாழ்வான தெருக்களில் உப்புத் தண்ணீரே வந்து நிற்கிறது. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் வேலையை முடித்தபின், வண்டியின் இரும்பு உடல் வழியாகவும் எர்த் கேபிள் வழியாகவும் மைனஸ் முனைக்குத் திரும்பவேண்டும். அந்தக் கேபிளை போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில் துரு ஏறினால் திரும்பும் வழி அடைபடுகிறது. விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டரோ நூறு ஆம்பியருக்கு மேலும் கேட்கும். ஆகவேதான் விளக்கு எரிகிறது, வண்டி கிளம்பவில்லை. ஹாரன் அடித்தால் விளக்கு மங்குகிறதா, பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குகிறதா? பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

சத்தமும் சாட்சி சொல்லும். ‘டக்டக்டக்’ என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது முனை தளர்ந்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் பியூஸ், சாவி சுவிட்ச், ரிலே ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே ‘டக்’ என்றால் பின்வரும் சோதனையைச் செய்யுங்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பேட்டரியின் விலையில் அது சிறு பங்குதான். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12 என்றால் சார்ஜ் ஏற்றவேண்டும். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 அளவிலேயே நின்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்திருக்கலாம். பேட்டரி சரி என்றால், வீட்டம்மாவைச் சாவியின் அருகே உட்காரச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்; எஞ்சினை நிறுத்தும் லிவரை அவர்கள் இழுத்துப் பிடித்துக்கொள்ளட்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, மூன்று விநாடி மட்டும் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நன்று. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அகப்பட்டது.

அப்பொழுது மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். மாற்றிச் செய்தால் பிளஸைக் கழற்றும் ஸ்பேனர் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வருவதால் அருகே பீடியும் தீக்குச்சியும் வேண்டாம். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையையும் பச்சையையும் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவுங்கள். அந்த நீர் பேட்டரிக்குள் இறங்கவே கூடாது. கேபிளின் இரு நுனிகளையும், அது இறுகும் இரும்பையும் பளபளப்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். வாஸ்லின் தடவுவது இறுக்கிய பிறகே.

வண்டி கிளம்பியதும் மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றிப்போகும். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராகவே இருக்கட்டும். இப்பகுதிக் கிணற்று நீரின் உவர்ப்பை நீங்களே அறிவீர்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கிறார்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்லுகிறேன்: பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும், வண்டியும் எரியும். பியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணையுங்கள். விளக்கு, ஹாரன் எல்லாம் அணைந்திருந்தும் அது பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. வயர்க்கட்டை ஹெட்லைட்டிலிருந்து பின்பக்கம் வரை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு மங்குகிற இடத்தில், பெரும்பாலும் தகரத்தில் உரசித் தோல் உரிந்த வயர் ஒன்று இருக்கும்.