குஞ்சுக்குக் கூளம் எங்கிருந்து வந்தது?

நம்ம கூட்டங்களில் நாட்டுக்கோழி பற்றிப் பேச்சு வந்தால் தீவனத்துக்கே ஒரு மணி நேரம் போய்விடும். கரையான், அசோலா, கீழாநெல்லி என்று பட்டியல் நீளும். புரூடரில் என்ன பரப்பலாம் என்று யாராவது கேட்டால் மட்டும், "பக்கத்துல என்ன கிடைக்குதோ அதைப் போடுங்க"ன்னு ஒரே வரியில் முடிச்சிடுறோம். தஞ்சாவூரிலும் மதுராந்தகத்திலும் இந்தப் பதில் சரி. அங்கே பக்கத்தில் கிடைப்பது உமியும் கடலைத்தோலும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரில் மாடியிலும் வீட்டுக்குப் பின்னாலும் 30, 50 குஞ்சு விடுகிறவர்களுக்கும் இதையே சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

முதல் ரெண்டு மூணு நாள் குஞ்சுக்குத் தீவனம் எது, கூளம் எது என்று தெரியாது. கண்ணில் பட்டதைக் கொத்தும். அந்த நாட்களில் கூளமும் தீவனம்தான். பிறகு அந்தக் கூளம் எச்சத்தோடு சேர்ந்து எங்கே போகிறது? உரக்குழிக்கு, அங்கிருந்து கீரைத் தொட்டிக்கு. ஆகவே கூளத்தில் இருப்பது நம் தட்டு வரை வரும்.

இந்தப் பகுதியில் ஓசியில் கிடைப்பது எது? முதலில் துறைமுகத்தைச் சுற்றிக் கிடைக்கும் பேக்கிங் மரத்தின் தூளும் சீவலும். கப்பலேறும் மரப்பெட்டி, பேலட்டில் கோதுமைக்கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்றால் மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. இது மரத்தில் பூச்சி இல்லை என்பதற்கான சான்று மட்டுமே. அந்தப் பலகை மேல் எந்த ரசாயன டிரம் கசிந்தது என்று முத்திரை சொல்லாது. பிளைவுட் தூளில் பசை இருக்கிறது. கண்டெய்னரின் தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றும் வழக்கமும் உண்டு. தூளானபின் எது எந்த மரம் என்று யாரால் பிரிக்க முடியும்?

அடுத்தது சாம்பல். கிராமத்தில் பேனுக்கும் ஈரத்துக்கும் அடுப்புச் சாம்பலைக் கூளத்தில் தூவுவார்கள், நல்ல பழக்கம். ஆனால் எண்ணூரில் சாம்பல் என்றாலே அனல்மின் நிலையத்துச் சாம்பல்தான் நினைவுக்கு வரும். நிலக்கரி எரிந்து வந்த அந்த நுண்தூளில் கன உலோகங்கள் உண்டு. குஞ்சின் நுரையீரல் அதைத் தாங்காது.

மணலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலை முகத்துவாரத்தில் படிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கரை மணலை அள்ளிவந்து குஞ்சுக்குப் போட வேண்டாம். (காசிமேட்டில் கிடைக்கும் தெர்மாகோல் மீன்பெட்டியை புரூடராக்குவதும் வேண்டாம். கொத்தித் தின்னும்.)

மாற்று ஒன்றும் தூரத்தில் இல்லை. செங்குன்றம் நெல் ஆலைகளின் உமி இருக்கிறது. 50 குஞ்சுக்கு முதல் வாரம் 4 அடி வட்டம், 2 அங்குலக் கூளம் போதும். கணக்குப் போட்டால் ஏழு கிலோ உமிகூட வராது. ஒரு மூட்டைச் செலவுக்குப் பயந்து யாரோ கொட்டிய தூளை அள்ளுவானேன்?

உமியையும் அப்படியே கொட்டிவிடக் கூடாது. தவிட்டுத் தூசி போகச் சலித்து, ரெண்டு நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். பூசண வாடை அடித்தால் அந்த மூட்டையே வேண்டாம், குஞ்சுக்கு நுரையீரல் நோய் வரும். பரப்பியபின் முதல் மூன்று நாள் மேலே சொரசொரப்பான காகிதம் விரித்துத் தினமும் மாற்றுங்கள். வழவழப்பான செய்தித்தாள் மட்டும் போட்டால் கால் வழுக்கி விரிந்துபோகும், அந்தக் குஞ்சைத் தேற்றுவது கஷ்டம். பிறகு தினமும் கிளறிவிட வேண்டும். கையில் பிடித்து அழுத்தினால் கட்டியாக நிற்கிறதா? ஈரம் அதிகம். தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றி நனைந்ததை அன்றன்றே அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள். ரத்தக்கழிச்சல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஈரக் கூளத்திலிருந்து எழுவது அமோனியா. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயில் கசிந்த அமோனியாவால் மூச்சுத் திணறி ஓடிய பெரியகுப்பத்து மக்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. குனிந்து, குஞ்சு நிற்கிற உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். நமக்கு நெடி தெரிந்தாலே அதன் கண்ணுக்கு ஆபத்து.

வெளி இடுபொருள் வேண்டாம் என்று நம்மாழ்வார் ஐயா காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். வடசென்னையில் பக்கத்தில் கிடைப்பதில் பாதி, தொழிற்சாலைகள் கொட்டியது. அதைவிட இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உழவரின் உமிதான் நமக்கு உள்ளூர்ப் பொருள். பொன்னேரி, மீஞ்சூர் நண்பர்கள் அரிசியும் கீரையும் ஏற்றிவரும் வண்டியில் நாலு மூட்டை உமியும் சேர்த்து ஏற்றுங்கள். வாங்கிக்கொள்ள இங்கே ஆள் இருக்கிறது.