பத்தொன்பதில் திக்கிய பாட்டு

வியட்நாம் போரைப் பற்றிய டிவி ஆவணப்படத்தின் வர்ணனைக் குரலை நடன மேடைக்கு இழுத்து வந்தவர் லண்டன்காரர் பால் ஹார்ட்காஸில். 1985இல் பிரிட்டனில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது அவருடைய '19'. இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாயின் சராசரி வயது 26, வியட்நாமில் 19 என்கிறது அந்தக் குரல். செய்தி வாசிப்பது போன்ற நிதானம். பிறகு அந்த எண்ணிலேயே மாட்டிக்கொள்கிறது: ந-ந-ந-நைன்டீன்.

இதற்குக் காரணம் கற்பனை மட்டும் அல்ல, மெமரிப் பஞ்சமும்தான். அவரிடம் இருந்த இமுலேட்டர் என்ற சாம்ப்ளர் கீபோர்டில் சுமார் 2 விநாடி ஒலியைத்தான் பதிய முடிந்தது. நீண்ட வர்ணனை அதில் அடங்காது. ஒரு சொல் அடங்கும். கட்டையை அழுத்தினால் சொல் முதலிலிருந்து ஒலிக்கும். முடிவதற்குள் மறுபடி அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து. விரல் துடித்தால் குரல் திக்கும்.

இன்று இந்த வேலையைச் செய்வது கம்ப்யூட்டர். குரலில் ஒரு துணுக்கை வெட்டி வரிசையாக ஒட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஒரு அடிக்கு 500 மில்லிவிநாடி. அதை நான்காக்கினால் துணுக்குக்கு 125, எட்டாக்கினால் 62.5. இதுவரை காது தனித்தனியாகக் கேட்கும். 32 ஆக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 64 முறை. திக்கல் காணாமல் போய் ரீங்காரம் வந்துவிடும், சொல் சுருதியாகிவிட்டது!

எங்கே வெட்டுவது என்பதில்தான் கைப்பக்குவம். க, ட, ப என்று வல்லினத்தில் வெட்டினால் தோலில் விழும் அடி போல் இருக்கும். உயிரெழுத்தின் நடுவே வெட்டினால் வெறும் நடுக்கம். ஒலி அலை சுழியத்தைக் கடக்காத இடத்தில் வெட்டு விழுந்தால் ஒவ்வொரு ஒட்டிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் தொற்றிக்கொள்ளும். அதனால் ஓரங்களை ஓரிரு மில்லிவிநாடி தேய்த்துவிடுவது வழக்கம்.

திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. இயந்திரம் பாட்டில்தான் திக்குகிறது, அதுவும் அச்சடித்தது போல. மனிதத் திக்கலில் ஒவ்வொரு முயற்சியும் வேறு அழுத்தம், வேறு மூச்சு. விவரமானவர்கள் துணுக்குக்குத் துணுக்கு ஒலியளவையும் சுருதியையும் லேசாக மாற்றுவது அதனால்தான்.

இந்தக் கலையின் உச்சிக்குப் போனவர் பிடி என்று அறியப்படும் அமெரிக்கர் ப்ரையன் ட்ரான்சோ. அவருடைய 'சோம்நாம்புலிஸ்ட்' பாடல் 6,178 குரல் வெட்டுகளுக்காகக் கின்னஸில் ஏறியது. 2011இல் அவருடைய உத்தியே 'ஸ்டட்டர் எடிட்' என்ற சாஃப்ட்வேராகக் கடைக்கு வந்தது. இனி ஒரு கட்டை போதும்.

வந்தது வினை. ரீமிக்ஸ்களில் 'பேபி' என்ற சொல் படும் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். அடுக்குத்தொடரில் ஒரு சொல்லை நான்கு முறை வரை அடுக்கலாம் என்று வரம்பு வைத்தது நன்னூல். சாஃப்ட்வேர் எழுதியவர்கள் அதைப் படித்திருக்கவில்லை.

'பேபி' திக்கினால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. ஹார்ட்காஸில் திக்க வைத்தது ஒரு வயதை. அதைச் சொல்லவே வாய் வராதது போல் கேட்கிறது. 2 விநாடிக்குள் எதையும் அவர் போட்டிருக்கலாம். பாட்டு நின்றது அந்தத் தேர்வால்தான். எண் சரியா என்பது வேறு வழக்கு. பின்னாளில் அதைப் பலர் மறுத்தார்கள். அந்தப் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் சராசரி வயது சுமார் 23. வியட்நாமியரின் வயது பாட்டில் வரவே இல்லை.