எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

தோட்டத்துக்கும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். ஈப்போ வட்டாரத்திலும் சுங்கை சிப்பூட், பத்து காஜா, தெலுக் இந்தான் பக்கமும் இப்படி வரும் பிள்ளைகளைப் பார்த்தவர்கள் உண்டு. "எந்த வருஷம் இந்தத் தோட்டத்துக்கு வந்தீங்க? வேலை நின்னப்போ என்ன கொடுத்தாங்க? லேபர் ஆபீசுக்குப் போனீங்களா? ஓட்டு எங்கே போடுறீங்க?" என்று கேட்கிறார்கள். பட்டப் படிப்புக்கு ஆய்வு எழுத வேண்டுமாம். அரசியல், மனித உரிமை, அரசாங்க இலாகாக்கள் நடந்துகொள்ளும் முறை, இவைதாம் அவர்களின் பாடம்.

நம்மவர்களில் பலர் என்ன செய்கிறார்கள்? "நமக்கு எதுக்குத் தம்பி வம்பு?" என்று கதவைச் சாத்துகிறார்கள். கதவைத் திறந்தவர்களிலும் பாதிப் பேர், "எழுதிக்கிட்டுப் போய் என்ன ஆகப் போவுது?" என்று அரைகுறையாய்ப் பதில் சொல்லி அனுப்பி விடுகிறார்கள்.

அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்தது. அதோடு, கேட்க வருகிற பிள்ளைகளுக்கும் நாம் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசுவோம். நம் பெரியவர்களின் பயம் சும்மா வந்த பயமல்ல. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்பூட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயா முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. சங்கம் என்று பேசியவன், கூட்டத்துக்குப் போனவன், எல்லார் மேலும் சந்தேகம் விழுந்தது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் முடிந்த 1960-லேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து வைக்கும் அந்தச் சட்டம் 2012-இல்தான் நீக்கப்பட்டது. இத்தனையும் கண்ட தாத்தா பாட்டிமார், "வாயைத் திறந்தால் ஆபத்து" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில் குற்றமில்லை. ஆனால் காலம் மாறிய பிறகும் வாயைக் கட்டிக்கொண்டே இருந்தால் நட்டம் நமக்குத்தான்.

என்ன நட்டம்? பத்து காஜா பக்கம் போனவர்கள் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பார்கள். கிந்தா கெல்லாஸ் தோட்டத்தின் முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் இறந்து போனார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. அவர் பெயர் இன்றைக்கும் ஊரறிந்த பெயர். மாளிகை வேலைக்கு வந்த நம் ஆட்கள் பலர் விஷக் காய்ச்சலில் மாண்டார்கள் என்றும், அதனால் துரை மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள். அந்தக் கோயிலில் துரைக்கு ஓர் உருவமும் இருக்கிறது. மாண்டவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் மக்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் கல்லறை இருக்கிறது. பெரும்பாலான கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் வெட்டியிருக்கிறது. பட்டாளம் பட்டியல் வைத்திருந்தது. நம் ஆட்களோ பல பத்தாயிரக் கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குப் பட்டியலும் இல்லை, ஆளுக்கொரு பெயர் வெட்டிய கல்லும் இல்லை. பட்டியல் இல்லாதவனுக்கு நட்டஈடு யார் கொடுப்பார்கள்? எந்த விலாசத்துக்குக் கொடுப்பார்கள்?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்று நம் முன்னோர் கேட்டு வைத்தது இதற்காகத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இதே கதை தொடர்ந்தது. பிறப்புப் பத்திரம் எடுக்காதவர்கள், எடுத்ததைத் தொலைத்தவர்கள், குடியுரிமைக்கு மனுப் போடாதவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றார்கள். 1969-க்குப் பிறகு குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் இறுக்கப்பட்டபோது ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள் என்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன. இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணிலே பால் வெட்டியவர்களும் அதில் இருந்தார்கள். உரிமை இருந்தது, அதைக் காட்டத் தாள் இல்லை.

ஆகவே ஒரு மாணவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "அம்மா, சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேட்கும்போது, அவன் தன் பரீட்சைக்காக மட்டும் எழுதவில்லை. நம் கணக்கையும் சேர்த்து எழுதுகிறான். அதை நினைவில் வையுங்கள்.

"எழுதினால் என்ன ஆகும்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்வோம். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டம் துண்டானதும் வேலை போனது. வேலை போனதும் லயத்து வீடும் போனது. இந்தத் துண்டாடலைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையிலிருந்து உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதிய மூன்று தொகுதி நூல் 1962-இல் வெளிவந்தது. 1951 முதல் 1960 வரை நடந்தவை அதில் பதிவாயின. சுங்கை சிப்பூட்டில் பிறந்த வீ.தி.சம்பந்தன், தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இந்தத் துண்டாடலை எதிர்த்துத்தான். பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலம் கைமாற வேண்டுமானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது அது. ஓர் ஆய்வு நூல்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் "தோட்டம் துண்டானால் தொழிலாளி தெருவில் நிற்கிறான்" என்பதை இனி யாரும் கட்டுக்கதை என்று தள்ள முடியாமல் போனது. அது சின்ன லாபமல்ல.

மனித உரிமைக்காக நம் நாட்டில் சுஹாகாம் என்ற ஆணையம் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 2000-இல் வேலையைத் தொடங்கியது. பூர்வகுடி மக்களின் நில உரிமை பற்றி அது ஒரு தேசிய விசாரணை நடத்தி, 2013-இல் அறிக்கை வெளியிட்டது. காட்டோரக் கிராமங்களிலிருந்து வந்த சாதாரண மக்கள் வாய்மொழியாகச் சொன்ன சாட்சியமே அந்த விசாரணைக்கு அடித்தளமாயிற்று. அவர்களுடைய பேச்சு தாளில் ஏறி ஆவணமானால், நம் பேச்சு ஏன் ஆகக்கூடாது?

இனிப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பையன் அரசியல் பாடம் எடுத்திருக்கான், ஏதாவது வம்புல மாட்டிக்குவானோ" என்று கலங்குகிறவர்கள் உண்டு. இதற்கும் காரணம் இருக்கத்தான் செய்தது. 1971-இல் பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் வந்தது. 1974-ஆம் ஆண்டுக் கடைசியில் ரப்பர் விலை விழுந்து, சாமான் விலை ஏறி, கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் வயிற்றுப் பசியோடு ஊர்வலம் போனார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் டிசம்பர் 3-ஆம் தேதி மாணவர்கள் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஏழ்மையைப் பற்றி ஆராய்ந்து எழுதிய பேராசிரியர் சையத் உசேன் அலி விசாரணையின்றி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் அடைக்கப்பட்டார். 1975-இல் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. பால் வெட்டிப் பிழைத்தவர்களுக்காகச் சிறைக்குப் போன மாணவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாமா? அவர்களில் பலர் மலாய்ப் பிள்ளைகள். பசிக்கு இனம் ஏது?

அந்தக் கட்டு பிறகு தளர்ந்தது. 2010 ஏப்ரலில் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது, தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படித்த நான்கு மாணவர்கள் மேல் அந்தச் சட்டத்தின் கீழ் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அரசியலைப் பாடமாகப் படிக்கிறவன் தேர்தலை எட்டிப் பார்க்கக் கூடாதாம்! மாணவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2011 அக்டோபர் 31-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் இருவர் ஒப்ப, அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகம் சிந்தனையாளர்களை உருவாக்க வேண்டுமே தவிர, இயந்திர மனிதர்களை அல்ல என்ற கருத்தை நீதிபதி ஹிஷாமுடின் யூனுஸ் எழுதி வைத்தார். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டு, மாணவர்கள் கட்சியில் சேர வழி பிறந்தது. 2018-இல் நிறைவேறிய திருத்தம் வளாகத்துக்குள்ளும் அரசியல் பேச வழி விட்டது. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதிலேயே ஓட்டும் வந்துவிட்டது. ஆகையால் உங்கள் பிள்ளை அரசியலோ சட்டமோ சரித்திரமோ படிக்கிறேன் என்றால் தடுக்காதீர்கள். டாக்டரும் இஞ்சினியரும் நமக்கு வேண்டும். இலாகா எப்படி நடக்கிறது என்று தெரிந்து கேள்வி கேட்கிறவனும் வேண்டும்.

இப்போது மாணவர்களுக்கு வருவோம். கம்பாரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகங்கள் பேராக் மண்ணிலேயே இருக்கின்றன. அங்கே படிக்கிறவர்களில் தோட்டத்துப் பேரன் பேத்திகள் இல்லாமலா இருப்பார்கள்?

தம்பி, தங்கச்சி, நம் வறுமையை மட்டும் எழுதாதீர்கள். குடியையும் குண்டர் கும்பலையும் பற்றி எழுதி எழுதிப் பலர் பட்டம் வாங்கிவிட்டார்கள். நம் தலைவிதியை முடிவு செய்கிற அலுவலகங்களையும் ஆராயுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி சம்பளப் பாக்கி வழக்கை லேபர் ஆபீசே விசாரிக்கலாம். ஒரு புகார் கொடுத்தால் தீர்ப்பு வர எத்தனை மாதம் ஆகிறது? தோட்ட நில வாரியம் அனுமதி கொடுக்கும்போது லயத்தில் இருப்பவர்களை யாராவது கேட்கிறார்களா? பதிவிலாகாவில் பிறப்புப் பத்திர மனு எங்கே தேங்குகிறது? தோட்டம் விற்கப்பட்டபோது கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடுகாட்டுக்கும் என்ன வாக்குறுதி கொடுத்தார்கள், அதில் எது நிறைவேறியது? இன்று செம்பனைக் காட்டில் வேலை செய்கிற அயல்நாட்டுத் தொழிலாளியின் நிலைமை என்ன? இவற்றுக்கு விடை கண்டால் அது உண்மையான ஆய்வு.

கேட்கும் விதமும் முக்கியம். 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக வந்த ரவீந்திர ஜெயின் ஒரு ரப்பர் தோட்டத்திலேயே தங்கி, நம் மக்களோடு பழகி எழுதினார். 1970-இல் நூலாக வந்தபோது தோட்டத்துக்குப் புனைபெயர் வைத்தார். பேசியவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது என்ற பொறுப்பு அது. அதை நீங்களும் கடைப்பிடியுங்கள். இன்னொன்றும் கேட்கிறோம். எழுதி முடித்ததும் மறந்து போகாதீர்கள். ஆய்வு பல்கலைக்கழக நூலகத்தில் தூசி படிந்து கிடந்தால் யாருக்கு லாபம்? இரண்டு பக்கம் தமிழில் சுருக்கி எழுதி, கோயில் மண்டபத்தில் நாலு பேர் முன்னால் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் பாட்டிமார் திருத்துவார்கள். எங்களிடம் எடுத்ததை எங்களுக்குத் திருப்பிக் கொடுப்பது உங்கள் கடமை.

தொழிலாளத் தோழர்களே, நீங்களும் சில காரியங்களைச் செய்ய வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, சொக்சோ தாள், சங்கச் சந்தா ரசீது, நிர்வாகம் கொடுத்த நோட்டீஸ், வேலை நிறுத்தக் கடிதம், பள்ளிக்கூடப் படம், கோயில் கணக்குப் புத்தகம், எதையும் குப்பையில் போடாதீர்கள். ஒரு டின்னிலோ பையிலோ போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மாணவர் கேட்டால் நகல் எடுக்க விடுங்கள்; அசலைக் கைவிடாதீர்கள். வருகிறவர் எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்று கேளுங்கள். மாணவர் அட்டையையும் துறைக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் வர வேண்டாம் என்றால் தைரியமாகச் சொல்லுங்கள். பதில் சொல்லப் பிடிக்காத கேள்விக்கு "வேண்டாம்மா" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மங்கு தூக்கிய தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. பெரட்டுக் களத்தில் நின்றவர்கள், துரை சொன்ன வாக்குறுதியைக் காதால் கேட்டவர்கள், எந்த லயம் எங்கே இருந்தது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள், இவர்கள் போய்விட்டால் அப்புறம் எந்தப் பல்கலைக்கழகம் வந்து கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்காது. கம்பெனியின் கணக்கு கம்பெனியிடம் இருக்கிறது. அரசாங்கத்தின் கோப்பு அரசாங்கத்திடம் இருக்கிறது. நம் கணக்கு நம் வாயில்தான் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். வெளியூர் மாணவன் வரட்டும் என்று காத்திராமல் உங்கள் வீட்டுப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.