பக்கக் கணக்கும் படைப்பின் ஊதியமும்

வாசகர் புரட்டிய பக்கத்திற்கு ஊதியம் என்பதைவிட நியாயமான ஏற்பாடு எழுத்தாளருக்கு வேறில்லை என்று சென்ற இதழில் நண்பர் எழுதியிருப்பதை, அவருடைய நல்லெண்ணத்தில் எள்ளளவும் சந்தேகம் கொள்ளாமலே, நான் மறுக்க வேண்டியிருக்கிறது. அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் சந்தாத் திட்டத்தில், 2015 ஜூலை முதல், அந்நிறுவனமே மாதந்தோறும் நிர்ணயிக்கும் பொதுநிதி, வாசிக்கப்பட்ட பக்கங்களின் விகிதப்படி பங்கிடப்படுகிறது. நிதியின் அளவு மாதம் முடிந்த பிறகே வெளியாவதால், தம் சரக்கு கைமாறிய பின்னரே அதன் விலையை எழுத்தாளர் அறிகிறார். விலை தெரியாமல் நெல்லை அளந்து கொடுக்கும் குடியானவனின் நிலை இது.

இதனினும் என்னை வருத்துவது, ஒருவர் ஒரு பக்கத்தை முதன்முறை வாசிப்பதற்கு மட்டுமே அங்கே கணக்கு உண்டு என்பது. என் மேஜைமீதுள்ள கவிதைத் தொகுதியில், பன்னிரண்டே வரிகள் கொண்ட ஒரு கவிதையின் பக்கம், திரும்பத் திரும்பத் திறந்ததால் ஓரம் பழுத்துத் தையலை விட்டே கழன்றுவிட்டது. அதை இயற்றியவருக்கு அத்திட்டம் அளிக்கக்கூடியது ஒரே பக்கத்தின் காசு. ஒரே மூச்சில் வாசித்து மறந்த முந்நூறு பக்க நாவலுக்கோ முந்நூறு மடங்கு!

விருப்பமில்லாதோர் விலகலாமே என்கிறார் நண்பர். சேர்த்த மின்னூலை 90 நாள் வேறெங்கும், சொந்த இணையதளத்தில்கூட, விற்கலாகாது என்ற நிபந்தனையை அவர் கட்டுரையில் ஒரு வரியிலும் காணோம்.