செலோவுக்கு விலை கூடின மைக்தான் வேணுமா?

தமிழில் றொக் செய்யும் எங்கட பாண்டுகளில் செலோ வருவதே அபூர்வம். வந்தாலும் பதிவு என்று வரும்போது, "நல்ல மைக் இல்லை மச்சான், கீபோர்ட்டில ஸ்ட்ரிங்ஸ் போடுவம்" என்று கதை முடிஞ்சிடும். பயிற்சியில் இருந்த ஆள் பாட்டில் இருக்க மாட்டார். காசில்லாததால் செலோவை விடுகிறோம் என்று நினைக்கிறோம். நாங்கள் சொல்வது, அது காசுப் பிரச்சினையே இல்லை என்று.

நல்ல மைக் என்றால் பெரிய கண்டென்சர் மைக் என்ற எண்ணம் கிளாசிக்கல் பதிவுகளிலிருந்து வந்தது. அங்கே மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். வாத்தியத்தோடு மண்டபமும் சேர்ந்து ஒலிக்கும், அந்த மண்டபம் அதற்கென்றே கட்டினது. எங்களிட்ட இருக்கிறது அறை. வெள்ளவத்தையில் ஒரு பக்கம் காலி வீதி பஸ், மற்றப் பக்கம் கடற்கரை ரயில். நடுவில் டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், தலைக்கு மேல ஃபேன். கொட்டாஞ்சேனை என்றால் கோயில் மணி, தேவாலய மணி, திரீவீல். இங்கே ஒன்றரை மீற்றர் தள்ளி எந்த மைக்கை வைத்தாலும், விலை கூடக் கூட அறைதான் தெளிவாகக் கேட்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தூரம். இடைவெளியைப் பாதியாக்கினால் வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி கிட்டத்தட்ட 6 டெசிபல் கூடும். பஸ் சத்தமும் சுவர் எதிரொலியும் இருந்தபடியே இருக்கும். இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

இது ஏழைகளின் சமாளிப்பும் இல்லை. 1966இல் பீட்டில்ஸின் 'எலினோர் ரிக்பி' பாட்டுக்கு நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செலோ வந்தன. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் அன்றைய வழக்கத்தை மீறி மைக்குகளைத் தந்திகளுக்கு மிகக் கிட்ட வைத்தார். வாசித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, கதிரையைப் பின்னுக்கு இழுத்தார்களாம். ஆனால் அந்தப் பாட்டின் வெட்டும் ஒலி அந்தக் கிட்டத்தில்தான் இருக்கு. 1996இல் பின்லாந்தின் அபோகலிப்டிகா நான்கு செலோக்களோடு மெட்டாலிக்கா பாட்டுகளை வாசித்து முதல் அல்பம் போட்டபோதும், கேட்டவர்களைப் பிடித்தது வில் தந்தியை உரசும் அந்தக் கரகரப்புத்தான்.

அந்தக் கரகரப்பைப் பிடிக்க, கிட்டார் அம்ப்புக்கு முன்னால் வைக்கிற சாதாரண டைனமிக் மைக் போதும். ஷூர் எஸ்எம் 57 மாதிரியான மைக் மேல்-நடு அலைவரிசைகளைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும். டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவில் செலோவுக்குத் தேவை அதுதான். பிரிட்ஜுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு சாண் தூரத்தில், வில்லில் இடிபடாமல் வையுங்கள். எஃப் வடிவத் துளைக்கு நேரே வைத்தால் அடித்தொனி ஊதிப் பெருக்கும். செலோவின் ஆகக் கீழான சி தந்தி 65 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிப்பது. அதற்குக் கீழே இருப்பதை வெட்டிவிடலாம், போவது ரயில் அதிர்வுதான். பேஸ் கிட்டாரோடு இடிபட்டால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள்.

கண்டென்சர் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. குரலும் செலோவும் மட்டுமே உள்ள மெல்லிய பாட்டுக்கு, வீதி அடங்கின நடுராத்திரியில், அதன் நுணுக்கம் வேறு எதிலும் வராது. மேடை என்றால் வாத்தியத்தில் பூட்டும் கிளிப் மைக்கோ பிக்கப்போ தேவைப்படும். பாட்டும் அறையும் மாறினால் மைக்கும் மாறும். ஆனால் கண்டென்சர் வாங்கும் வரைக்கும் செலோக்காரரை வீட்டில இருக்கச் சொல்லுறது நியாயமில்லை. இருக்கிற மைக்கைக் கிட்டக் கொண்டுபோய் ஒருக்கா பதிஞ்சு பாருங்கோ. பிறகு கீபோர்ட்டைப் பற்றிக் கதைப்பம்.